பில்ட் முடிந்தது, மெஷின் எழவில்லை: ப்ராசஸர் ஆர்க்கிடெக்சர் பிழைகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

இயங்குதளத்தை சோர்ஸிலிருந்து பில்ட் செய்யும்போது, "எந்த ப்ராசஸருக்கு?" என்ற கேள்விக்கு ஒரு தடவை பதில் சொன்னால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கேள்வி நான்கு இடங்களில் தனித்தனியாக வருகிறது. கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எந்தக் குடும்பத்துக்கு என்பது ஒன்று: எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் மாதிரி. கர்னலுக்கு மேலே ஓடும் நிரல்கள் எந்த ஏபிஐ-யை (கம்பைல் ஆன நிரல்களும் நூலகங்களும் ஒன்றையொன்று அழைக்கும் முறை பற்றிய உடன்பாடு) பின்பற்றுகின்றன என்பது இரண்டாவது: 32 பிட்டா, 64 பிட்டா, ஆர்ம் என்றால் ஹார்டு ஃப்ளோட்டா, சாஃப்ட் ஃப்ளோட்டா (தசம எண்கள் ஃப்ளோட்டிங் ரெஜிஸ்டரில் போகின்றனவா, சாதாரண ரெஜிஸ்டரிலா). அதே குடும்பத்துக்குள் எந்தத் தலைமுறையின் இன்ஸ்ட்ரக்ஷன்கள் வரை கம்பைலர் பயன்படுத்தலாம் என்பது மூன்றாவது. மெஷினை எழுப்பும் ஃபர்ம்வேர் எதை எதிர்பார்க்கிறது என்பது நான்காவது.

இந்த நான்கில் ஏதோ இரண்டு ஒத்துப்போகாதபோது வருபவைதான் கீழே இருக்கும் பிழைகளில் பெரும்பாலானவை. அதனால் பிழைச்செய்தியைப் பார்த்ததும் சோர்ஸைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். எந்த இரண்டு முட்டிக்கொள்கின்றன என்று முதலில் பாருங்கள். திருத்த வேண்டியது பல நேரம் ஒரே ஒரு வரியாகத்தான் இருக்கும். உதாரணங்கள் பெரும்பாலும் லினக்ஸிலிருந்து. பிஎஸ்டி குடும்பம் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

## முதலில் மெஷினிடம் கேளுங்கள்

எல்லோரும் முதலில் அடிப்பது யூநேம் -எம். அது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலைப் பற்றி மட்டுமே சொல்லும். மேலே இருக்கும் நிரல்கள் வேறு மாதிரி இருக்கலாம். ராஸ்பெர்ரி பை 4 இதற்கு நல்ல உதாரணம். 2023-லிருந்து அதன் 32 பிட் ஓஎஸ்கூட, நாம் எதுவும் மாற்றாவிட்டால், 64 பிட் கர்னலோடுதான் எழுகிறது. யூநேம் ஏஆர்ச்64 என்கும். கெட்கான்ஃப் லாங்_பிட் என்று கேட்டால் 32 என்று வரும். இரண்டுமே உண்மை. அந்த மெஷினிலேயே ஒரு கர்னல் மாட்யூலை பில்ட் செய்யப் போனால், கர்னல் 64 பிட், கையில் இருக்கும் ஜிசிசி கம்பைலருக்குத் தெரிந்ததோ 32 பிட் மட்டும். முதல் கோப்பிலேயே நின்றுவிடும். 64 பிட்டுக்கான க்ராஸ் கம்பைலரை (ஒரு வகை மெஷினில் ஓடி இன்னொரு வகைக்கு நிரல் உருவாக்குவது) நிறுவலாம், இல்லையென்றால் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் ஆர்ம்_64பிட்=0 என்று போட்டு 32 பிட் கர்னலுக்குத் திரும்பலாம்.

ஆக, கர்னலுக்கு யூநேம். நிரல்களுக்கு, /பின் என்ற அடைவில் இருக்கும் எல்எஸ் கோப்பின் மேல் ஃபைல் கட்டளை. ப்ராசஸருக்கு எல்எஸ்சிபியூ, அதில் ஃப்ளாக்ஸ் என்று வரும் வரியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். எக்ஸ்86-64 மெஷினில் ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகம் 2.33 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் இன்னும் சுலபம்: டைனமிக் லோடரையே (நிரலின் நூலகங்களை நினைவகத்தில் ஏற்றுவது) ஹெல்ப் விருப்பத்தோடு ஓட்டினால், வி2, வி3, வி4 என்ற படிகளில் (பின்னால் விளக்குகிறேன்) எதையெல்லாம் இந்த ப்ராசஸர் தாங்கும் என்று கடைசியில் பட்டியலிடும்.

## "ஆர்ச்/ஏஆர்ச்64/மேக்ஃபைல்: நோ சச் ஃபைல்" என்று உடனே நிற்கிறது

பெயர்க் குழப்பம், வேறொன்றும் இல்லை. கர்னலுக்கு ஆர்ச் மாறியில் கொடுக்க வேண்டியது சோர்ஸ் மரத்தில் ஆர்ச் அடைவுக்குள் இருக்கும் துணை அடைவின் பெயர். அங்கே இருப்பது ஆர்ம்64. ஏஆர்ச்64 என்பது டூல்செயின் (கம்பைலர், அசெம்பிளர், லிங்க்கர் அடங்கிய தொகுப்பு) வைத்திருக்கும் பெயர். ரிஸ்க்-ஃபைவுக்கு கர்னலில் ரிஸ்க்வி மட்டும், டூல்செயினில் ரிஸ்க்வி64. பவர்பிசிக்கு கர்னலில் முழுப்பெயர், மற்ற இடங்களில் பிபிசி64எல்இ. எக்ஸ்86_64, ஐ386 என்று கொடுத்தால் கர்னலே புரிந்துகொண்டு எக்ஸ்86 அடைவுக்குப் போய்விடும். அந்தச் சலுகை எல்லாருக்கும் உண்டு என்று நினைத்துத்தான் பலர் இங்கே விழுகிறார்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் இரண்டு மாறிகள்: டார்கெட்=ஆர்ம்64, டார்கெட்_ஆர்ச்=ஏஆர்ச்64. எந்த ஜோடிகள் செல்லும் என்பதை மேக் டார்கெட்ஸ் காட்டும். நெட்பிஎஸ்டியில் பில்ட்.எஸ்ஹெச் ஸ்கிரிப்ட்டுக்கு மெஷினாக ஈவிபிஆர்ம், ஆர்க்கிடெக்சராக ஏஆர்ச்64 என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். லிஸ்ட்-ஆர்ச் என்று கேட்டால் முழுப் பட்டியல் வரும். 64 பிட் எக்ஸ்86-க்கு இவர்கள் எல்லாரும், டெபியன் உட்பட, ஏஎம்டி64 என்பார்கள். ப்ராசஸர் இன்டெல் ஆக இருந்தாலும் அதே பெயர்தான், பயப்பட வேண்டாம்.

அடைவே இல்லை என்றால்? சில குடும்பங்கள் நிஜமாகவே வெளியேறிவிட்டன. இட்டானியம் கர்னல் 6.7-ல் நீக்கப்பட்டது; அதற்கு 6.6 தொடர்தான் கடைசி. 386 ப்ராசஸர் ஆதரவு 3.8-லேயே போய்விட்டது.

## "அன்ரெகக்னைஸ்டு கமாண்ட்-லைன் ஆப்ஷன்" வருகிறது

எந்த ஆப்ஷனைத் தெரியாது என்கிறது என்று பாருங்கள். பதில் அதிலேயே இருக்கிறது.

-எம்லிட்டில்-எண்டியன் தெரியாது என்றால், கர்னல் ஆர்ம்64-க்காகத் தயாராகிவிட்டது. வேலை செய்வதோ உங்கள் எக்ஸ்86 ஜிசிசி. க்ராஸ்_கம்பைல் மாறியைக் கொடுக்க மறந்திருக்கிறீர்கள். அதன் மதிப்பு டூல்செயினின் முன்னொட்டு: ஏஆர்ச்64-லினக்ஸ்-ஜிஎன்யூ-. கடைசியில் இருக்கும் அந்தச் சிறு கோட்டை விட்டுவிட்டால் ஜிஎன்யூஜிசிசி என்று ஒரு நிரலைத் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்லும்.

-எம்64 தெரியாது என்றால் தலைகீழ். ஆர்ம் கம்பைலரைக் கொடுத்துவிட்டு, ஆர்ச் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். கர்னல் தான் உட்கார்ந்திருக்கும் மெஷினைப் பார்த்து எக்ஸ்86 என்று முடிவு செய்துவிட்டது.

கிளாங் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரே கம்பைலருக்குள் எல்லா ஆர்க்கிடெக்சரும் இருப்பதால், எல்எல்விஎம்=1 என்று கொடுத்தால் புதிய கர்னல்களில் ஆர்ச் மட்டும் போதும்.

## நேற்று போட்ட அமைப்புகள் இன்று காணோம்

மெனுகான்ஃபிக் என்ற கர்னல் அமைப்பு மெனுவில் நிதானமாக உட்கார்ந்து தேர்வு செய்தவை எல்லாம் மறைந்துவிட்டன. பில்ட் ஓடுகிறது, பிழையும் இல்லை, ஆனால் வெளியே வருவது எக்ஸ்86 இமேஜ். பிழைச்செய்தியே வராத பிழை என்பதால் இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம்.

முதல் தடவை ஆர்ச்=ஆர்ம்64 கொடுத்து மெனுகான்ஃபிக்கை ஓட்டினீர்கள். அப்புறம் வேறு டெர்மினலில், ஒரு ஆப்ஷனை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று வெறும் மேக் மெனுகான்ஃபிக் அடித்தீர்கள். கர்னல் கேள்வி எதுவும் கேட்காமல் உங்கள் .கான்ஃபிக் கோப்பை எக்ஸ்86 விதிகளின்படி படித்தது. ஆர்முக்கு மட்டும் உரிய ஆப்ஷன்கள் அந்த மரத்தில் இல்லாததால் அவற்றை உதிர்த்தது. சேமித்து வெளியேறியதும் புதிய கோப்பை எழுதிவிட்டது.

உறுதி செய்ய .கான்ஃபிக்கின் தலைப்பகுதியைப் பாருங்கள். முதல் சில வரிகளிலேயே கருத்துரையாக "லினக்ஸ்/ஆர்ம்64", பக்கத்தில் பதிப்பு எண், "கர்னல் கான்ஃபிகரேஷன்" என்று இருக்கும். அங்கே லினக்ஸ்/எக்ஸ்86 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. பக்கத்தில் .கான்ஃபிக்.ஓல்டு என்று முந்தைய நகல் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஒரு படி மட்டுமே பின்னால் போகும்; இரண்டு தடவை சேமித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

தடுக்க வழி: ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் தனி வெளியீட்டு அடைவு, ஓ= என்று கொடுத்து. ஆர்ச், க்ராஸ்_கம்பைல் இரண்டையும் கட்டளையில் ஒவ்வொரு முறையும் தட்டாமல், இரண்டு வரி ஸ்கிரிப்ட்டாக எழுதி அதன் வழியாகவே எல்லாவற்றையும் ஓட்டுங்கள். ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்து வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அடுத்த டெர்மினலில் அது இருக்காது. இதே டெர்மினலில் வேறு பில்ட் ஓட்டும்போது அது வேண்டாத இடத்தில் இருக்கும்.

முழு லினக்ஸ் இமேஜையும் பில்ட் செய்யும் பில்ட்ரூட் கருவியில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி உண்டு. பாதியில் டார்கெட் ஆர்க்கிடெக்சரையோ அதன் வகையையோ மாற்றினால், ஏற்கெனவே பில்ட் ஆன பேக்கேஜ்களை அது தானாகத் திரும்பச் செய்யாது. பழையதும் புதியதும் கலந்த இமேஜ் கிடைக்கும். மேக் க்ளீன் செய்துவிட்டு முழுதாக ஓட்டுவதைத் தவிர குறுக்கு வழி கிடையாது.

## கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்: "கேன்னாட் ரன் சி கம்பைல்டு ப்ரோக்ராம்ஸ்"

கம்பைல் ஆன சோதனை நிரலை இந்த மெஷினில் ஓட்ட முடியவில்லை என்கிறது. க்ராஸ் கம்பைலில் ஓடக்கூடாதுதான். ஹோஸ்ட் ஆப்ஷனைக் கொடுங்கள். இங்கே பில்ட் என்றால் கம்பைல் நடக்கும் மெஷின், ஹோஸ்ட் என்றால் கம்பைல் ஆன நிரல் ஓடப்போகும் மெஷின். டார்கெட் என்பது கம்பைலர், பினுட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்க்கர் அடங்கிய தொகுப்பு) மாதிரி, இன்னொரு மெஷினுக்காகக் கோடு எழுதும் கருவிகளை பில்ட் செய்யும்போது மட்டும்.

நேட்டிவ் பில்டிலேயே, அதாவது நிரல் ஓடப்போகும் மெஷினிலேயே பில்ட் செய்யும்போது, இந்தச் செய்தி வந்தால் வேறு காரணம். கம்பைலர் ஆப்ஷன்களை வைக்கும் சிஃப்ளாக்ஸ் மாறியில், உங்கள் ப்ராசஸர் தாங்காத மார்ச் மதிப்பு (எந்த ப்ராசஸர் வகையின் இன்ஸ்ட்ரக்ஷன்கள் வரை பயன்படுத்தலாம் என்று சொல்லும் -மார்ச் ஆப்ஷன்) இருக்கலாம். கான்ஃபிக்.லாக் கோப்பில் சோதனை நிரல் எப்படி இறந்தது என்று எழுதியிருக்கும்.

## லிங்க்கர் தகராறு: "ஃபைல் இன் ராங் ஃபார்மேட்", "ஈஎம்: 62"

லிங்க்கர் ஒரு எண்ணைச் சொன்னால் அது எல்ஃப் கோப்பின் (லினக்ஸ் நிரல்களின் கோப்பு வடிவம்) தலைப்பில் இருக்கும் மெஷின் எண். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: 3 என்றால் 32 பிட் எக்ஸ்86, 40 என்றால் 32 பிட் ஆர்ம், 62 என்றால் எக்ஸ்86-64, 183 என்றால் 64 பிட் ஆர்ம், 243 என்றால் ரிஸ்க்-ஃபைவ். ஆர்ம் பில்டில் 62 பற்றிப் புகார் வந்தால், உங்கள் சொந்த மெஷினின் நூலகம் ஏதோ உள்ளே நுழைந்திருக்கிறது. பெரும்பாலும், நூலகங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக், எந்த மெஷினுக்கு பில்ட் செய்கிறீர்களோ அதன் கோப்புகள் இருக்கும் சிஸ்ரூட்டைப் பார்க்காமல் நேராக உங்கள் மெஷினின் யூஎஸ்ஆர் அடைவைக் காட்டியிருக்கும்.

32 பிட் ஆர்மில் இன்னொரு வகை: ஒரு கோப்பு "யூசஸ் விஎஃப்பி ரெஜிஸ்டர் ஆர்க்யூமென்ட்ஸ்", இன்னொன்று அப்படி இல்லை என்று லிங்க்கர் சொல்லும். இரண்டும் ஆர்ம்தான், மெஷின் எண்ணும் ஒன்றேதான், ஏபிஐ வேறு. ஒன்று தசம எண்களை ஃப்ளோட்டிங் ரெஜிஸ்டரில் அனுப்புகிறது, மற்றது சாதாரண ரெஜிஸ்டரில் எதிர்பார்க்கிறது. பெரும்பாலும் ஜிஎன்யூஈஏபிஐ, ஜிஎன்யூஈஏபிஐஹெச்எஃப் என்ற இரண்டு டூல்செயின்கள் ஒரே பில்டில் கலந்த விளைவு. லிங்க்கரின் வாயை மூட ஆப்ஷன் தேடாதீர்கள். லிங்க் ஆகிவிடும், கணக்குதான் தப்பாக வரும்.

ரிஸ்க்-ஃபைவில் "எக்ஸ்டென்ஷன் ஜிக்எஸ்ஆர் ரிக்வயர்டு" என்று அசெம்பிளர் சொன்னால், பழைய சோர்ஸும் புதிய பினுட்டில்ஸும் சேர்ந்திருக்கின்றன. முன்பு அடிப்படைத் தொகுப்பிலேயே இருந்த சில இன்ஸ்ட்ரக்ஷன்களைத் தனி நீட்சியாகப் பிரித்துவிட்டார்கள், பினுட்டில்ஸ் 2.38 அந்தப் புதிய விதியை இயல்பாக எடுத்துக்கொண்டது. மார்ச் மதிப்பின் முடிவில் _ஜிக்எஸ்ஆர்_ஜிஃபென்சிஐ சேர்த்தால் போதும்.

## பூட் மெனுவில் பென்டிரைவே தெரியவில்லை

ப்ராசஸர் 64 பிட், இமேஜும் 64 பிட், ஆனாலும் ஃபர்ம்வேர் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. பே ட்ரெயில் தலைமுறை ஆட்டம் சிப் போட்ட டேப்லெட்டுகளில் இது சகஜம்: 64 பிட் ப்ராசஸர் மேல் 32 பிட் யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர். அது தேடுவது பூட்ஐஏ32.ஈஎஃப்ஐ என்ற கோப்பை. நீங்கள் வைத்திருப்பது பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ. 32 பிட் க்ரப் பூட்லோடரை பில்ட் செய்து அந்தப் பெயரில் வையுங்கள். கர்னலில் ஈஎஃப்ஐ_மிக்ஸ்டு ஆப்ஷனை இயக்குங்கள். கர்னலும் நிரல்களும் 64 பிட்டாகவே இருக்கலாம்.

## கர்னல் ஏறுகிறது, ஒரு வரி சொல்லிவிட்டு நிற்கிறது

"எக்ஸ்86-64 சிபியூ தேவை, கண்டதோ ஐ686" என்று சொன்னால் ப்ராசஸர் நிஜமாகவே 32 பிட்டாக இருக்கலாம். விர்ச்சுவல் மெஷின் என்றால், அதை உருவாக்கும்போது 32 பிட் கெஸ்ட் என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அல்லது பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும்.

"பிஏஇ இல்லை" (32 பிட் ப்ராசஸரில் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை அணுகும் வசதி) என்று சொன்னால், பழைய பென்டியம் எம் மடிக்கணினியாக இருக்க வாய்ப்பு. அவற்றில் சிலவற்றுக்கு பிஏஇ உண்டு. ஆனால் உண்டு என்று வெளியே சொல்லாது. கர்னல் கட்டளை வரியில் ஃபோர்ஸ்பிஏஇ என்று சேர்த்துப் பார்க்கலாம்.

"64 கேபி க்ரான்யுலர் கர்னலை உங்கள் சிபியூ ஆதரிக்காது" என்பது ஆர்ம்64-ல். பேஜ் அளவை (கர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் துண்டின் அளவு) 4 கேபிக்கு மாற்றி பில்ட் செய்யுங்கள். ஏதாவது சிறப்புக் காரணம் இல்லாவிட்டால் 4 கேபியிலேயே இருந்துவிடுவது நல்லது. காரணம் கடைசியில் வருகிறது.

## "அட்டெம்ப்டட் டு கில் இனிட்"

திரை முழுக்கப் பேனிக் செய்தி வந்தாலும், பார்க்க வேண்டியது எக்ஸிட்கோட் என்ற ஒரே எண்ணை. அது பதினாறடிமான எண். முடிவில் 4 மட்டும் இருந்து மீதி எல்லாம் பூஜ்யம் என்றால், இனிட் (கர்னல் முதலில் ஓட்டும் நிரல்) செத்தது 4-ஆம் சிக்னலால். அதுதான் சிக்இல், அதாவது ப்ராசஸருக்குத் தெரியாத இன்ஸ்ட்ரக்ஷன். கர்னல் சரி, நிரல்களை மட்டும் அதிகப்படியான தலைமுறைக்கு பில்ட் செய்துவிட்டீர்கள். முடிவில் 7எஃப்00 என்றால் இனிட் 127 என்ற மதிப்போடு தானாக வெளியேறியிருக்கிறது. ஏதோ ஒரு நூலகத்தையோ கட்டளையையோ கண்டுபிடிக்க முடியவில்லை. முடிவில் பி என்ற எழுத்து மட்டும் என்றால் 11, செக்மெண்டேஷன் ஃபால்ட். அங்கே ஆர்க்கிடெக்சரைச் சந்தேகிப்பதற்கு முன் வேறு பல காரணங்கள் இருக்கின்றன.

இனிட் ஆரம்பிக்கவே இல்லை என்றால் பேனிக்குக்குச் சற்று முன்னால் எரர் -8 அல்லது எரர் -2 என்று ஒரு வரி ஓடியிருக்கும். -8 என்றால் கோப்பின் வடிவமே புரியவில்லை: வேறு ஆர்க்கிடெக்சர், அல்லது 64 பிட் கர்னலில் 32 பிட் நிரலுக்கான ஐஏ32_எமுலேஷன் அணைந்திருக்கிறது. இனிட் ஒரு ஸ்கிரிப்ட்டாக இருந்து முதல் வரியில் எந்த ஷெல் என்று எழுத மறந்தாலும் இதே -8 வரும் என்பதை மறக்காதீர்கள். ஆர்ம்64 கர்னலில் 32 பிட்டுக்கான ஆப்ஷன் பெயர் கம்பாட். ஆனால் ஆப்பிளின் எம்1 மாதிரி சில ப்ராசஸர்களில் 32 பிட் ஆர்ம் வன்பொருளிலேயே கிடையாது, ஆப்ஷனை இயக்கினாலும் பயனில்லை.

-2 இன்னும் வேடிக்கை. கோப்பு கண் முன்னால் இருக்கும், கோப்பு இல்லை என்று சொல்லும். இல்லாதது அந்தக் கோப்பு இல்லை, அதற்குள் எழுதியிருக்கும் டைனமிக் லோடர். ரீடெல்ஃப் -எல் ஓட்டினால் "இன்டர்ப்ரெட்டர்" என்று ஒரு பாதை தெரியும். ஹார்டு ஃப்ளோட் நிரல் எல்டி-லினக்ஸ்-ஆர்ம்ஹெச்எஃப்.எஸ்ஓ.3 என்பதைத் தேடும். சாஃப்ட் ஃப்ளோட் அமைப்பில் இருப்பது எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.3. எக்ஸ்86-64 நிரல் லிப்64 அடைவுக்குள் தேடும். கையால் ஒரு ரூட் அமைப்பை எழுப்புபவர்கள் அந்த அடைவையே விட்டுவிடுவது வழக்கம். ஷெல்லுக்குள் வந்த பிறகு "நோ சச் ஃபைல்" என்று ஒரு நிரல் அடம் பிடித்தாலும் வைத்தியம் இதுதான்.

இன்னொரு ஆர்க்கிடெக்சரின் ரூட்டுக்குள் க்ரூட் செய்யும்போது (அந்த அடைவையே ரூட்டாக வைத்து நிரல்களை ஓட்டும்போது) "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" வந்தால், வேறு வகை நிரல்களை எமுலேட்டரிடம் ஒப்படைக்கும் பின்ஃப்எம்டி_மிஸ்க் என்ற கர்னல் வசதி வழியாக க்யூஈஎம்யூவின் யூசர் எமுலேட்டர் பதிவாகவில்லை. ஸ்டாட்டிக் ஆக பில்ட் ஆன எமுலேட்டரை நிறுவுங்கள், தீர்ந்தது.

## "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்"

சிஸ்டம் எழுந்துவிட்டது, ஒன்றிரண்டு நிரல்கள் மட்டும் இப்படிச் சாகின்றன. முதலில் கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைப் பாருங்கள். எக்ஸ்86-ல் "ட்ராப் இன்வாலிட் ஆப்கோட்" என்று நிரலின் பெயரோடும், எந்த நூலகத்துக்குள் நடந்தது என்பதோடும் ஒரு வரி இருக்கும். அந்த நூலகம்தான் குற்றவாளி; நிரலைத் திரும்ப பில்ட் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்புறம் ஜிடிபி டீபக்கரில் ஓட்டி, செத்த இடத்தில் எக்ஸ்/ஐ $பிசி என்று கேளுங்கள். ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் வரும், அது எந்த இன்ஸ்ட்ரக்ஷன் தொகுப்பைச் சேர்ந்தது என்று பாருங்கள். அதில் இசட்எம்எம் ரெஜிஸ்டர் இருந்தால் ஏவிஎக்ஸ்-512. ஒய்எம்எம் இருந்தால் ஏவிஎக்ஸ் அல்லது ஏவிஎக்ஸ்2. விஎஃப்எம்ஏடிடி என்று தொடங்கினால் எஃப்எம்ஏ. எஸ்ஹெச்எல்எக்ஸ், ஆண்ட்என் என்றால் பிஎம்ஐ. பாப்சிஎன்டி என்றால் ப்ராசஸர் ரொம்பவே பழையது. அந்தப் பெயரை, முன்பு எடுத்து வைத்த ஃப்ளாக்ஸ் வரியில் தேடுங்கள். இல்லையென்றால் நோய் உறுதி.

ஆனால் யூடி2 என்று வந்தால் ஆர்க்கிடெக்சரை விட்டுவிடுங்கள். அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தவறான இன்ஸ்ட்ரக்ஷன். இங்கே வரவே முடியாது என்று கம்பைலர் நினைத்த இடத்துக்கு நிரல் வந்துவிட்டது; அது நிரலில் உள்ள பிழை. மார்ச் மதிப்பை மாற்றி மாற்றி பில்ட் செய்தாலும் தீராது.

இப்போது எந்த அளவுக்கு பில்ட் செய்வது என்ற கேள்வி. எக்ஸ்86-64-ஐ 2020-ல் நான்கு படிகளாகப் பிரித்தார்கள். வி1 என்பது முதல் 64 பிட் ப்ராசஸர்கள் தாங்கியது. வி2-வில் எஸ்எஸ்இ4.2, பாப்சிஎன்டி வரை. வி3-ல் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ. வி4-ல் ஏவிஎக்ஸ்-512-இன் ஒரு பகுதி. ஜிசிசி 11-லிருந்து இவற்றை நேரடியாக மார்ச் மதிப்பாகக் கொடுக்கலாம். ரெட்ஹாட் எண்டர்ப்ரைஸ் லினக்ஸ் 9 வி2-வையும், 10 வி3-யையும் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன.

வருடத்தை வைத்துப் படியை ஊகிக்கக்கூடாது. ஸ்கைலேக் தலைமுறையில் வந்த பென்டியம், செலரான் சிப்களில் ஏவிஎக்ஸே கிடையாது. அதே தலைமுறை ஐ5-ல் ஏவிஎக்ஸ்2 உண்டு. இதைவிடக் குழப்பம் ஏவிஎக்ஸ்-512: இன்டெல் 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் கோர் சிப்களில் இருந்தது, 12-ஆம் தலைமுறையில் அணைத்துவிட்டார்கள். பழைய மெஷினில் நேட்டிவ் என்று பில்ட் செய்ததை, புதிதாக வாங்கிய மெஷினில் போட்டால் சாகும். "புது ப்ராசஸர்தானே, ஓடும்" என்ற நியாயம் இங்கே செல்லாது.

என் கருத்து இது. மார்ச்=நேட்டிவ் என்பது பில்ட் செய்த மெஷினிலேயே கடைசிவரை ஓடப்போகும் சிஸ்டத்துக்கு மட்டும். இமேஜை இன்னொரு மெஷினுக்கு எடுத்துப் போகும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் வேண்டாம். டிஸ்ட்சிசி வைத்து பல மெஷின்களில் வேலையைப் பிரித்தால் அறவே வேண்டாம்; நேட்டிவ் என்று இருந்தால் டிஸ்ட்சிசி வேலையைப் பிரிக்காமல் இந்த மெஷினிலேயே கம்பைல் செய்துவிடும். ஜிசிசியிடம் -க்யூ, ஹெல்ப்=டார்கெட் என்று கேட்டால் நேட்டிவ் உங்கள் மெஷினில் எதைக் குறிக்கிறது என்று விரித்துச் சொல்லும். அதை வெளிப்படையாக எழுதி வையுங்கள்.

பல மெஷின்கள் என்றால் எல்லாவற்றின் ஃப்ளாக்ஸையும் எடுத்து, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை மார்ச் ஆக வையுங்கள். அதிகம் பயன்படும் மெஷினை எம்ட்யூன் ஆக வையுங்கள். அது இன்ஸ்ட்ரக்ஷன்களின் வரிசையைத்தான் மாற்றும், புதியதைச் சேர்க்காது, ஆகவே எங்கும் சாகாது. எம்சிபியூ மட்டும் கவனம்: எக்ஸ்86-ல் அது எம்ட்யூனுக்கு ஒரு பழைய பெயர், ஆர்மில் அதே ஆப்ஷன் மார்ச், எம்ட்யூன் இரண்டையும் சேர்த்து மாற்றும். எக்ஸ்86 பழக்கத்தில் ஆர்ம் பில்டுக்கு எம்சிபியூ=கார்டெக்ஸ்-ஏ76 என்று கொடுத்தால், ராஸ்பெர்ரி பை 5-ல் ஓடுவது ஏ72 வைத்திருக்கும் பை 4-ல் சாகலாம்.

வேகம் வேண்டும், பழைய மெஷினும் ஓட வேண்டும் என்றால், மொத்த சிஸ்டத்தையும் வி1 அல்லது வி2-வில் வைத்துவிட்டு, கனமான நூலகங்களை மட்டும் வி3-க்கு இரண்டாவது தடவை பில்ட் செய்து ஜிலிப்சி-ஹெச்டபிள்யூகேப்ஸ் அடைவுக்குள் வையுங்கள். ஜிலிப்சி 2.33 முதல் லோடரே ப்ராசஸரைப் பார்த்துத் தகுந்ததை எடுத்துக்கொள்ளும். கர்னலுக்கு இந்த வம்பே வேண்டாம். எக்ஸ்86 கர்னல் எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் இரண்டையும் அணைத்துத்தான் கம்பைல் ஆகிறது. குறியாக்கம் மாதிரி தேவைப்படும் இடங்களில் எழும்போதே ப்ராசஸரைச் சோதித்துத் தேர்ந்துகொள்கிறது. ஜெனரிக் என்றே விடுங்கள்.

32 பிட் ஆர்மில் ஒரு பழைய பொறி: டெபியனின் ஆர்ம்ஹெச்எஃப் ஆர்ம்வி7-ஐ எதிர்பார்க்கும். முதல் ராஸ்பெர்ரி பையும் பை ஜீரோவும் ஆர்ம்வி6. இரண்டும் ஹார்டு ஃப்ளோட், லோடர் பெயரும் ஒன்று. அதனால் நிரல் ஆரம்பிக்கும், அப்புறம்தான் சாகும்.

## "சிபியூ டஸ் நாட் சப்போர்ட் எக்ஸ்86-64-வி2", அதுவும் விர்ச்சுவல் மெஷினில் மட்டும்

ப்ராசஸர் புத்தம் புதியது, ஆனாலும் ஜிலிப்சி இப்படிச் சொல்லி நிறுத்துகிறது. க்யூஈஎம்யூவுக்கு சிபியூ மாடல் எதுவும் சொல்லாவிட்டால் அது காட்டும் க்யூஈஎம்யூ64, வி2-வை எட்டாது. கேவிஎம்64-உம் அப்படித்தான். சிபியூ மாடலை ஹோஸ்ட் என்று மாற்றுங்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு சர்வருக்கு நகர்த்தும் வழக்கம் இருந்தால் ஹோஸ்ட் சரிப்படாது. வி2-வுக்கு நெஹலெம், வி3-க்கு ஹாஸ்வெல் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள்.

## "அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்"

இன்ஸ்ட்ரக்ஷன் எல்லாம் சரி, ஏபிஐ சரி, ஆனாலும் ஒரு டேட்டாபேஸோ கேஷ் சர்வரோ எழ மறுக்கிறது. செய்தியின் முன்னால் ஜெமாலாக் (நிரல்களுக்கு நினைவகம் ஒதுக்கும் நூலகம்) என்று இருக்கும். ஆர்ம்64 கர்னலை 4, 16, 64 கேபி என்று மூன்று பேஜ் அளவுகளில் பில்ட் செய்யலாம். ராஸ்பெர்ரி பை 5-க்கான இயல்பான 64 பிட் கர்னல் 16 கேபியில் வருகிறது. ஜெமாலாக்கோ தான் பில்ட் ஆன மெஷினின் பேஜ் அளவைத் தனக்குள் பதித்துக்கொள்கிறது. 4 கேபியில் பில்ட் ஆனது 16 கேபியில் ஓடாது. பெரிய அளவுக்கு பில்ட் ஆனது சிறிய அளவில் ஓடும்.

கெட்கான்ஃப் பேஜ்சைஸ் என்று கேட்டால் உங்கள் கர்னலின் அளவு தெரியும். சோர்ஸ் கையில் இருந்தால் ஜெமாலாக்கை வித்-எல்ஜி-பேஜ்=16 என்று கான்ஃபிகர் செய்யுங்கள்; 2-இன் 16-ஆம் அடுக்கு, அதாவது 64 கேபி, மூன்று அளவுகளிலும் ஓடும். வெளியார் கொடுத்த பைனரி மட்டும்தான் இருக்கிறது என்றால் கர்னலை 4 கேபிக்கு இறக்குவதுதான் வழி. பை 5-ல் அதற்கு பில்ட்கூட வேண்டாம்: கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் கர்னல்=கர்னல்8.ஐஎம்ஜி என்று ஒரு வரி சேர்த்து மறுபடி பூட் செய்தால் போதும்.